ராஜா பஸீலின் இரவல் முகம்

ராஜா பஸீலுக்குச் சொந்த முகம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கும், இல்லாமலா மலை உச்சியில் அத்தனை பெரிய கோட்டையைக் கட்டச் சொல்லி ஊரார் முதுகையெல்லாம் ஒடித்திருப்பார்? ஆனால் கல் சுமக்கிறவன் தன் கால் வைக்கிற இடத்தைத்தான் பார்ப்பான், மேலே நிற்கிறவன் முகத்தையா பார்ப்பான்? அதனால் எங்கள் வட ஹைத்தி மலைக்காரர்களுக்கு ராஜாவின் பூட்ஸ் ஞாபகம் இருக்கிறது, கோட்டு ஞாபகம் இருக்கிறது, வாள் ஞாபகம் இருக்கிறது. முகத்தை மட்டும் ஒருத்தரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அதற்காக ராஜாவைச் சும்மா விட்டுவிட முடியுமா? திட்டுவதற்காவது ஒரு முகம் வேண்டுமே. வருஷா வருஷம் ஜூலை மாதத் திருவிழாவுக்கு, பூசாரியம்மா லுமேனின் பூசைக்கூடத்துப் பெரிய சுவரில் அவரைப் புதிதாக எழுதுவார்கள். மழை கரைத்துவிட்டுப் போன பழைய ராஜாவின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டு, அதன்மேல் புது ராஜா. எழுதுகிற ஆளுக்குத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு கனவு வரும். ஊரில் யாராவது ஒருத்தர் முகத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ராஜா அதில் வருவார். எந்த முகமோ, அதுதான் அந்த வருஷத்து ராஜா முகம். முகம் கொடுத்தவர் வீட்டில் திருவிழாவன்று ஊருக்கே பூசணிக்காய் சூப் காய்ச்சி ஊற்ற வேண்டும்.

ஒரு வருஷம் கசாப்புக்காரன் தெல்வாவின் முகம் வந்தது. அதற்கப்புறம் வெகுநாள் அவன் கறி நிறுக்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிறுத்தான். இன்னொரு வருஷம், எங்கள் பூசையெல்லாம் சாத்தான் வேலை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தொண்டை கிழியப் பேசும் பாஸ்டரின் முகமே வந்து தொலைத்தது. மனிதர் கொதித்துப் போனார். இருந்தாலும் திருவிழாவன்று அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெரிய அண்டா நிறையச் சூப் இருந்தது. யார் காய்ச்சியது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு சட்டம் உண்டு. செத்தவர் முகத்தை ராஜா இரவல் வாங்கமாட்டார். செத்தவர் தன் முகத்தை ஏற்கெனவே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார், அப்புறம் இரவல் கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது? ஆகவே சுவரில் ஒரு முகம் வந்தால் அந்த ஆள் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இதில் மறுபேச்சு கிடையாது.

கிளெர்மீஸின் பாடு இந்தச் சட்டத்தில்தான் வந்து சிக்கிக்கொண்டது.

கிளெர்மீஸ்தான் சில வருஷங்களாக ராஜாவை எழுதுகிறவள். மற்ற நாட்களில் கடலோரக் கேப் நகரத்துக்கு ஓடும் பஸ்களின் நெற்றியில் சிங்கமும் ரோஜாவும் எழுதுவாள். அவள் புருஷன் அந்தெனோர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில், பஹாமாஸில் வேலை தேடிப் பாய்மரப் படகில் ஏறினான். அந்தப் படகில் போன யாரிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. படகு கவிழ்ந்தது என்றார்கள். இல்லை, வேறு தீவில் ஒதுங்கியது என்றார்கள். எல்லாரையும் பிடித்து ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தன் சத்தியம் செய்தான், அவன் குடிக்காத நேரத்தில் யாரும் அவனைப் பார்த்ததில்லை. கிளெர்மீஸ் அந்த ஜெயிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தெனோரின் அம்மா இஃபோனி பிடித்துக்கொண்டது தண்ணீரை. செத்தவர்கள் ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்ணீருக்கடியில் கிடப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டார் வெள்ளை உடுத்தி ஆற்றங்கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அந்த உயிர் மேலே வந்து ஒரு மண்ஜாடிக்குள் குடியேறும், வீட்டில் ஒருவராகக் கதகதப்பாக இருக்கும். கூப்பிடாமல் விட்டால் குளிரில் விறைத்துப்போய் அங்கேயே கிடக்கும். கல்யாணமானவன் என்றால் முதல் குரல் பெண்டாட்டியுடையதாக இருக்க வேண்டும். அவள் வாய் திறக்காவிட்டால் பெற்றவள் தொண்டை கிழியக் கத்தினாலும் பலனில்லை.

கிளெர்மீஸ் வாய் திறக்க மாட்டேன் என்றாள். உயிரோடிருக்கிறவனைத் தண்ணீரிலிருந்து கூப்பிடுவது அவனை நானே பிடித்துத் தள்ளுவது மாதிரி என்றாள். இஃபோனி ஜாடியை வாங்கிக்கொண்டு வந்து கதவோரம் வைத்தாள். கிளெர்மீஸ் அதில் சோளம் கொட்டி வைத்தாள். இஃபோனி சோளத்தைக் கோழிக்கு இறைத்துவிட்டு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாமியாரின் புகைக்குழாய்க்கு நெருப்பெடுத்துக் கொடுப்பது கிளெர்மீஸ்தான், மருமகளுக்குக் காலையில் காப்பி ஊற்றி வைப்பது இஃபோனிதான். பேச்சு மட்டும் அடிக்கடி அந்த ஜாடியில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

இஃபோனிக்கு மகன் கனவில் வருவானாம். சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நிற்பானாம். அம்மா குளிருது என்பானாம். எழுந்ததும் அவள் அடுப்பை மூட்டிவிட்டு, வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில்கூட, நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு காலி ஸ்டூலை இழுத்துப் போடுவாள். கிளெர்மீஸ் அந்த ஸ்டூலைப் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போவாள்.

இந்த வருஷம் ஜூலை வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசியாயிற்று. சுற்றிலும் கயிறு கட்டி, போர்வைகளைத் தொங்கவிட்டு, எழுதுகிறவளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காதபடி மறைத்தாயிற்று. கிளெர்மீஸ் ராஜாவின் கனவுக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்பதைவிட வேண்டிக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். அந்தெனோரின் முகத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள், ஒரே ஒரு தடவை, அதற்கப்புறம் உங்களை எதுவும் கேட்கமாட்டேன். முகம் வந்துவிட்டால் அவன் உயிரோடிருக்கிறான். சட்டம் இருக்கிறது, மாமியார்கூட வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மத்தியானம், மாமரத்தடியில் பாயைப் போட்டுக் கண்ணயர்ந்தபோது ராஜா வந்தார். எங்கேயிருந்தோ பனி வந்து வாழைத்தோட்டத்தை மூடியது. வெயிலும் பனியும் ஒன்றாகவே இருந்தன, அது அவளுக்குக் கொஞ்சமும் அதிசயமாகப் படவில்லை. வாழைகளுக்கு நடுவில் கோட்டு முதலில் வந்தது, பாதி நீலம் பாதி சிவப்பு. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, சொட்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்ன மீன்கள் துள்ளிப் புல்லுக்குள் மறைந்தன. ராஜா வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாய் அமுங்கியது. கழுத்துப்பட்டைக்கு மேலே பனிதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. இடது கையை நீட்டினார், கடைக்காரரிடம் சில்லறை கேட்கிறவர் மாதிரி. கிளெர்மீஸ் கொடுக்க நினைத்தாள், மடியைத் துழாவினாள், மடியில் ஒன்றும் இல்லை. ராஜா பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போனார். கண் விழித்தபோது பாயில் அவர் உட்கார்ந்த இடம் சில்லென்று இருந்தது.

முகம் வரவில்லையென்றால் லுமேனிடம் போய்ச் சொல்ல வேண்டும். லுமேன் எதையாவது எரித்து, எதையாவது ஊற்றி, இன்னொரு கனவுக்கு ஏற்பாடு செய்வாள். அதுதான் முறை. கிளெர்மீஸ் போகவில்லை. காப்பியால் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், கனவு கிடைத்தவர்கள் செய்கிற மாதிரியே. அதை இஃபோனியும் பார்த்தாள், பக்கத்து வீட்டாரும் பார்த்தார்கள். முகம் கிடைத்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பச்சைப் புளுகு. அவளைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், எனக்கு மனசு வரவில்லை.

சுவருக்கு முன்னால் நின்றபோது கை நன்றாகவே ஓடியது. ராஜாவை எழுதுவதில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. எங்கள் படத்தில் பெருமை எவ்வளவோ உருவம் அவ்வளவு. ராஜா தரையிலிருந்து கூரை வரைக்கும் நிற்பார். கோட்டை அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தொப்பி அளவு. குதிரை நாய்க்குட்டி அளவு, பாவம், அதில் அவர் எப்படி ஏறுவார் என்று யாரும் கேட்பதில்லை. மலைப்பாதை நெடுகக் கல் சுமக்கிறவர்கள் பட்டாணி பட்டாணியாக, ஒவ்வொரு பட்டாணிக்கும் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி. வலது கையில் வாள், முனை மேலே பார்க்க வேண்டும், கீழே பார்த்தால் ராஜ்யம் போய்விட்டது என்று ஆகும். இடது உள்ளங்கை வெறுமையாக நம் பக்கம் திரும்பியிருக்கும், அதுதான் முகத்தை இரவல் கேட்கிற கை. காலடியில் மீன். நிழல் கிடையாது. கன்னத்தில் கோடுகள், நரைத்த தாடி, யார் முகம் வந்தாலும் இவை இரண்டும் உண்டு, ஏனென்றால் ராஜாவுக்கு எங்கள் எல்லாரையும்விட வயது அதிகம்.

முகம் விழ வேண்டிய வெள்ளை வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முடித்தாள். பிறகு கோழியிறகை மைக்குழம்பில் தோய்த்துக்கொண்டு அந்தெனோரை நினைத்தாள்.

அவன் வந்தான். மீன்வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கழுத்தில் வியர்வை மின்ன, அவளுக்கு முன்னால் நடந்து போனான். சிரித்தான், அந்தச் சிரிப்பின் சத்தம் அச்சாக அப்படியே கேட்டது. கை வந்தது, கட்டைவிரலில் மீன் கத்தி கிழித்த தழும்போடு வந்தது. படகில் ஏறினான், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினான். திரும்பு, என்றாள். அலை அடிக்கிற சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ. கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மனசுக்குள் எல்லாம் தண்ணீர் நிறத்துக்கு வந்தன, படகு நீலம், ஆகாயம் நீலம், அவனும் நீலமாகிக் கரைந்துகொண்டிருந்தான். சரி, கை பார்த்துக்கொள்ளும் என்று இறகைச் சுவரில் வைத்தாள்.

கை பார்த்துக்கொண்டது. அகன்ற நெற்றி வந்தது. ஒன்றோடொன்று சேரப் பார்த்துச் சேராமல் நிற்கும் புருவங்கள் வந்தன. கீழ்உதடு கொஞ்சம் துருத்திக்கொண்டு, எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட மாதிரி. எங்கேயும் தடங்கல் இல்லை, தினம் எழுதிப் பழகிய முகம் மாதிரி வந்தது. பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அவனே. அவள் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். பொய் சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். கை இவ்வளவு சுலபமாக எழுதியது என்றால் இது பொய்யாக எப்படி இருக்கும், ராஜா பின்னாலிருந்து கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார் என்று நம்பிவிட்டாள்.

திருவிழாவன்று காலையில் மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஊர் முழுக்க நீலமும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வந்து நின்றது. கிளெர்மீஸ் மாமியாரைத் தேடினாள். இஃபோனி கூட்டத்துக்குப் பின்னால், புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் அத்தை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். லுமேன் தரையில் சாராயம் ஊற்றி, ராஜாவின் பெயரைச் சொல்லி, போர்வையை உருவினாள்.

கூட்டம் கழுத்தை நீட்டிச் சுவரைப் பார்த்தது. வருஷா வருஷம் அப்படித்தான், எல்லாரும் யாரென்று தேடுவார்கள். கிளெர்மீஸ் காத்திருந்தாள், யாராவது ஒருத்தர் அந்தெனோர் என்று சொல்லட்டும் என்று.

கிழங்கு வடை சுட்டு விற்கும் மெர்சினாதான் முதலில் சிரித்தாள்.

"ஐயோ சாமி, இது நம்ம இஃபோனி இல்ல? தாடி வச்ச இஃபோனி!"

அவ்வளவுதான், கூட்டம் குலுங்கிவிட்டது. ஆமாம், அதே நெற்றி. அதே புருவம். அந்த உதட்டைப் பார், இப்போதுதான் யாரையோ திட்டி முடித்த உதடு. ராஜாவுக்குப் பொம்பளை முகம் வந்தது இதுவே முதல் தடவை என்று கிழவர்கள் அடித்துச் சொன்னார்கள். கசாப்புக்காரன் தெல்வா இஃபோனிக்கு முன்னால் போய் சல்யூட் அடித்தான். இனிமேல் கல் சுமக்கச் சொன்னால் மறுக்க முடியாது, மகாராணி சீக்கிரம் சூப்பு ஊத்துங்க என்றான். மேளம் தானாகத் தொடங்கிவிட்டது.

கிளெர்மீஸ் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் அவள் போட்டது. அதில் அந்தெனோர் இல்லை. தினமும் காப்பி ஊற்றிக் கொடுக்கிற முகம், அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து புகை விடுகிற முகம், அதுதான் இருந்தது. கண்ணை மூடி மறுபடியும் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். முதுகு வந்தது. பின்கழுத்து வந்தது. மூக்கு எப்படி இருக்கும்? மூக்கு வரவில்லை. அவனோடு குடித்தனம் நடத்தியவள், அவன் முகத்தைத் தன் இரண்டு கையிலும் ஏந்தியவள், அவளிடம் அந்த முகம் இல்லை. ஜெயில், வேறு தீவு, குடிகாரனின் சத்தியம், எல்லாம் அந்த நிமிஷத்தில் அவள் கையைவிட்டுப் போயின.

இஃபோனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முதலில் அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள், புகைக்குழாய்ப் புகையை மூக்கால் விட்டுக்கொண்டு, ராணி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. சுவருக்குக் கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றது. குழாயை வாயிலிருந்து எடுத்தாள். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், மறுபடியும் கிட்டே போனாள். ராஜாவின் நரைத்த தாடிக்கு மேல், கன்னத்துக் கோட்டில், ஒரு விரலை வைத்தாள். மை இன்னும் முழுதாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது.

கிளெர்மீஸ் பக்கத்தில் போய் நின்றாள். மேளச் சத்தத்தில் அவர்கள் பேசியது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"கனவு வரல, இல்ல?" என்றாள் இஃபோனி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வரல அத்தை."

"அவன எழுதப் பாத்தியா?"

"அவன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு அத்தை. எழுதிட்டேன்னு நெனச்சேன். பாத்தா நீங்க இருக்கீங்க."

திட்டுவாள் என்று கிளெர்மீஸ் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். இஃபோனி திட்டவில்லை. அவள் குரல் வெறும் மூச்சு மாதிரி இருந்தது.

"இது நான் இல்லடி. எல்லாரும் பேத்துறாங்க. எம் பொறப்புக்கும் எனக்கு இந்தக் கண்ணு கெடையாது. இது அவன்தான். தாடியெல்லாம் நரைச்சு, கன்னம் ஒட்டி, பேரன் பேத்தி எடுத்து... கெழவனாயிருந்தா இப்பிடித்தான் இருந்திருப்பான்."

கிளெர்மீஸ் நிமிர்ந்து பார்த்தாள். சுவரிலிருந்து அந்தெனோர் அவளைப் பார்த்தான், அவள் ஒருநாளும் பார்க்கப்போகாத வயதில். மூக்கு அவன் மூக்குதான். இப்போது தெரிந்தது.

கிளெர்மீஸ் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படி நிற்பதைப் பார்த்து, மாமியாரும் மருமகளும் சந்தோஷத்தில் கட்டிக்கொள்கிறார்கள் என்று மெர்சினா கைதட்டினாள், அவளோடு சேர்ந்து கூட்டமும் தட்டியது.

"ஆத்தங்கரைக்குப் போய்க் கூப்பிடலாம் அத்தை," என்றாள் கிளெர்மீஸ். "நான் மொதல்ல கூப்பிடறேன். நாளைக்கு வேணாம், இன்னிக்கே போலாம்."

இஃபோனி இல்லையென்று தலையை ஆட்டினாள். மகன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம் புள்ள. இன்னிக்கு ஒரு நாள் அவன் ராஜாவா இருந்துட்டுப் போறான்."